பிரேசில் மெட்டுக்கு எந்தக் கோட்டு

ஒரு மெட்டு தான் எந்தச் சடங்குக்கு உரியது என்பதைத் தானே அறியுமா, அல்லது முதன்முதலில் அதை வாசித்தவன் எந்த வீட்டு வாசலில் நின்றானோ அதுவே அதன் தலையெழுத்து ஆகிவிடுகிறதா? அல்சூர் தனக்கோடி இந்தக் கேள்வியை ஒருநாளும் கேட்டதில்லை. கேள்வி கேட்கிற ஆள் இல்லை அவர். ஆனாலும் அவர் கதையைச் சொல்லப் புகுந்தால் இந்தக் கேள்விதான் வாசலில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. தாண்டித்தான் உள்ளே போக வேண்டியிருக்கிறது.

தனக்கோடி பெரிய வித்வான் அல்ல. மேலே போனால் அவர் கிளாரினெட் கீச்சிடும். மூச்சும் குட்டை. பாட்டின் நடுவில் அவர் மூச்சு வாங்குகிற இடத்தை மறைக்க, பச்சைமுத்துவின் பெரிய டிரம் அங்கே ஓர் இடி இடிக்கும். வருஷக்கணக்காகக் கேட்டுப் பழகிய அல்சூர் ஜனங்கள் அந்த இடியும் பாட்டில் சேர்ந்தது என்றே நம்பினார்கள். சினிமாக் கொட்டகையில் அதே பாட்டைக் கேட்டுவிட்டு, “நடுவுல அந்த டமார் இல்லையே, கட் பண்ணிட்டானுங்களா?” என்று குறைப்பட்டவர்களும் உண்டு.

தனக்கோடியின் அப்பா, தண்டு என்று ஜனங்கள் சொல்லும் கன்டோன்மென்ட் பகுதியில் வெள்ளைக்காரப் பட்டாளத்து பேண்டில் வாசித்தவர். நாற்பத்தேழில் பட்டாளம் கப்பலேறியபோது மிஞ்சிய சாமான்களை ஏலம் விட்டார்கள். அதில் கிடைத்த வாத்தியங்களோடு இரண்டு மூட்டைக் கோட்டும் வந்து சேர்ந்தன. ஒரு மூட்டையில் பேண்டுக்காரர்கள் போட்ட சிவப்புக் கோட்டுகள். இன்னொன்றில் சாப்பாட்டு மெஸ்ஸில் பரிமாறியவர்கள் போட்ட வெள்ளைக் கோட்டுகள். சிவப்பைக் கல்யாணத்துக்கும் வெள்ளையைச் சாவுக்கும் வைத்துக்கொண்டார் அப்பா. அப்படித்தான் அல்சூர் ஊர்வல பேண்டு செட் பிறந்தது. சாவு ஊர்வலத்தில் வெள்ளைக் கோட்டோடு அவர்கள் வரிசையாக வரும்போது, அடுத்து யாரோ சூப்பு கொண்டுவரப் போகிறார்கள் என்பது போல இருக்கும். யாரும் சிரித்ததில்லை.

கோட்டைப் போலவே மெட்டுக்கும் விதி. சிவப்பில் வாசித்தது சிவப்போடு, வெள்ளையில் வாசித்தது வெள்ளையோடு. ஒருமுறை சாவுக்கு வாசித்துவிட்டால் அந்த மெட்டு பிறகு கல்யாண வாசல் மிதிக்கக் கூடாது. இந்த விதிக்கு விலக்கு ஒன்றே ஒன்று: கல்யாணச் சாவு. கொள்ளுப்பேரன் முகம் பார்த்துவிட்டுப் போகிற கிழவர்களுக்குப் பொரியும் பட்டாசுமாக ஊரே கொண்டாடி அனுப்புமே, அதற்கு மட்டும் சிவப்புக் கோட்டு போடலாம். சிவப்பு மெட்டும் வாசிக்கலாம். எதுவும் கெட்டுப்போகாது.

தனக்கோடியின் மனைவி சந்திரம்மாவுக்கு இதில் நம்பிக்கை இல்லை. பஜார் தெருவில் பூக்கடை அவளுக்கு. கடைக்குப் பின்னால் இருந்த அறைதான் பேண்டு செட்டின் வீடு. “என் ரோஜா எந்தக் கழுத்துக்குப் போறேன்னு கேக்குதா? காலைல மாப்பிள்ளைக்கு, மத்தியானம் பொணத்துக்கு. அதே கூடை, அதே நாரு. உங்க பீப்பிக்கு மட்டும் இன்னா அவ்ளோ ரோஷம்?” என்பாள். தனக்கோடி கிளாரினெட்டைத் துடைத்துக்கொண்டிருப்பார். பூ வாடிவிடுகிறது, மெட்டு வாடுவதில்லையே என்று நினைத்துக்கொள்வார். நினைத்ததைச் சொன்னதாகத் தெரியவில்லை.

அறுபத்து நாலில் ஓஸ்வால்ட் வந்தார். ரயில்வேயில் கார்டாக இருந்த ஆங்கிலோ இந்தியர். அவர் தாயாரின் சவ ஊர்வலத்துக்குத் தனக்கோடியின் ஆட்கள்தான் வாசித்தார்கள். இப்போது அவர் குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போகிறார். ஒரு ரிக்கார்டு பெட்டியும் ஒரே ஓர் இசைத்தட்டும் எடுத்துக்கொண்டு பூக்கடை வாசலில் நின்றார்.

“மற்ற ரிக்கார்டு எல்லாம் வித்துப் போயிட்டுது மேன். இதை மட்டும் யாரும் தொடலை. டான்ஸ் ஆடலாம்னு எடுத்தா அழுகை வருது, அழலாம்னு உக்காந்தா கால் ஆடுது. நீ வெச்சுக்கோ. எங்க அம்மாவுக்கு நல்லா வாசிச்சே.”

“அந்த ஊர்ல இது கிடைக்காதா சார்?”

“கிடைச்சா அங்கேயும் யாரும் வாங்கமாட்டான்,” என்று சொல்லிவிட்டு ஓஸ்வால்ட் போய்விட்டார்.

தட்டின் அட்டையில் கறுப்பும் வெள்ளையுமாக அலை அலையாய் வளைந்த ஒரு நடைபாதை, அதன் ஓரத்தில் கடல். பிரேசில் என்று பெரிதாகப் போட்டிருந்தது. அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஜாஸ், வால்ட்ஸ், ஸ்பெயின் நாட்டுக் கிட்டார், இன்னும் ஏதேதோ. எழுத்துக் கூட்டிப் படித்தவர் டிரம்பெட் வாசிக்கும் ஆம்ப்ரோஸ்.

“பிரேசில்னா எங்க கீது?” என்றார் பச்சைமுத்து.

“காப்பி விளையற ஊரு,” என்றார் ஆம்ப்ரோஸ்.

“அப்போ சிக்மகளூர் பக்கம். ஏன் கன்னடத்துல பாடல?”

பெட்டியைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்து கேட்டார்கள். அவர்கள் தொழில் சத்தம். லாரி ஹாரனையும் கோயில் மணியையும் மீறிக் கேட்க வேண்டும் என்பதே அவர்கள் கற்ற முதல் பாடம். இதில் பாடியவனோ சத்தமே போடவில்லை. டிரம் அடித்தவன் துடைப்பத்தால் தோலைப் பெருக்கிக்கொண்டிருந்தான். ஓரிடத்தில் மாதா கோயில் ஆர்கன் வந்தது. அது முடியும் முன்பே யாரோ டிரம்பெட்டில் சாராயக்கடைப் பக்கம் இழுத்துப் போனார்கள். அங்கிருந்து மெதுவாக ஒரு வால்ட்ஸ். எல்லாம் ஒரே பாட்டுக்குள், ஒன்றையொன்று முகம் சுளிக்காமல்.

“இவனுக்கு இன்னா, ஒடம்பு சரியில்லையா? ஒரு வாய் சோறு போட்டுப் பாடச் சொல்லக் கூடாதா?” என்றார் பச்சைமுத்து.

பூக்கடையில் இருந்தபடி சந்திரம்மா குரல் கொடுத்தாள். “பக்கத்து ரூம்ல கொழந்தை தூங்குது. எழுப்பிடக் கூடாதுன்னு பாடறான். இதுகூடத் தெரியல, பேண்டு செட்டாம்.”

தட்டின் இரண்டாம் பக்கத்தில் நடுவில் இருந்த ஒரு மெட்டு தனக்கோடியைப் பிடித்துக்கொண்டது. ஏன் அது மட்டும் என்று சொல்ல முடியாது. மற்றவை அதைவிட மோசமில்லை. ஒருவேளை அதில் மூச்சு வாங்க நிறைய இடம் இருந்தது காரணமாக இருக்கலாம். மனிதர்கள் தங்கள் குறையைப் பொறுத்துக்கொள்கிற அழகைத்தான் பெரிய அழகு என்கிறார்கள். காலையில் கடைக் கதவு திறக்கும் முன் அதை வாசித்துப் பார்ப்பார். மகள் காந்தா பூ தொடுத்துக்கொண்டே உதடு மூடி அதை முனகுவாள். அவளுக்கு அது தன் அப்பா வாசித்ததில் கீச்சிடாத ஒரே பாட்டு.

“என் கல்யாணத்துக்கு இதை வாசிங்க நைனா,” என்றாள் ஒருநாள். “சினிமாப் பாட்டு வேணாம். அதை வாசிச்சா எல்லாரும் வாயசைப்பாங்க. இது எனக்கு மட்டும் தெரியும்.”

அதுதான் சிக்கல். வாசிப்பதென்றால் முதலில் அதற்குக் கோட்டு முடிவாக வேண்டும்.

பச்சைமுத்து வெள்ளை என்றார். “கேக்கும்போது எங்க அக்கா செத்தது ஞாபகம் வருது.” ஆம்ப்ரோஸ் சிவப்பு என்றார். “கால் ஆடுதுல்ல? கால் பொய் சொல்லாது.” யூஃபோனியம் ஊதுகிறவர் ஒருநாள் சிவப்பு, மறுநாள் வெள்ளை. மல்லேஸ்வரத்தில் சங்கீதம் அறிந்தவர், செக்ரடேரியட்டில் பெரிய உத்தியோகம் பார்த்தவர், சேஷகிரி. தன் பெண் கல்யாணத்துக்கு முன்பு இவர்களை அமர்த்தியிருந்த அவரிடம் தனக்கோடி போய் வாசித்துக் காட்டினார். அவர் கண்ணை மூடிக் கேட்டார். கண்ணைத் திறந்து, “இதுல ராகம்னு ஒண்ணும் இல்லை. ராகம் இல்லாததை எங்கே வேணும்னாலும் வாசிக்கலாம். வாசிக்காமலும் இருக்கலாம்,” என்றார். தனக்கோடி இந்தத் தீர்ப்பை அப்படியே கொண்டுவந்து சொன்னார். பேண்டு செட்டில் ஒருவருக்கும் அது பயன்படவில்லை. பின்னால் நடந்ததைப் பார்க்கும்போது அவரை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியவில்லை.

இந்த நிலையில் காந்தாவைப் பெண் பார்க்க மர்பி டவுனிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை ராஜேந்திரன் டெலிபோன் பாக்டரியில் வேலை. கூடவே அவன் தாத்தா பெருமாள்சாமி. மில்லில் உழைத்து ஓய்ந்தவர், நெஞ்சில் பஞ்சு அடைத்த இருமல், கை நடுக்கம். அந்த வீட்டில் அவர் வைத்ததே சட்டம். காப்பி வந்தது, பூ வைத்தார்கள், பேச ஒன்றும் இல்லாமல் போனது. அந்த மௌனத்தை நிரப்ப ஆம்ப்ரோஸ் ரிக்கார்டைப் போட்டார்.

இரண்டாம் பக்கத்தின் நடு மெட்டு வந்ததும் பெருமாள்சாமியின் இருமல் நின்றது. டம்ளரைக் கீழே வைத்தார்.

“சம்பந்தி, இது இன்னா பாட்டு?”

“பிரேசில் பாட்டுங்க பெரியவரே.”

“இது என் சாவுக்கு.”

ராஜேந்திரனின் அம்மா, “மாமா, நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல இன்னா பேச்சு இது!” என்று பதறினாள்.

“நல்லதுதாம்மா சொல்றேன். எத்தினி சாவு பாத்துட்டேன், பேண்டுக்காரன் வாசிக்கிறத கேட்டா போறவனுக்கே எழுந்து திட்டணும்னு தோணும். இது வேற. இதை வாசிச்சா நான் பேசாம படுத்துனு போவேன். சம்பந்தி, சரின்னு சொல்லு.”

பெண் பார்க்கும் இடத்தில், வெற்றிலைத் தட்டு நடுவில் இருக்க, மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் முதன்முதலாகக் கேட்கிறார். பெண்ணைப் பெற்றவன் தலை தானாகவே ஆடும். அது அவன் தலையே அல்ல. தனக்கோடி தலையாட்டினார். ஆட்டி முடித்த பிறகுதான் கதவருகே நின்ற காந்தாவின் முகத்தைப் பார்த்தார்.

நிச்சயம் ஆயிற்று. சீர் பேசும்போது பெருமாள்சாமி குத்துவிளக்கோடு அந்தத் தட்டையும் கேட்டு வாங்கிக்கொண்டார். தன் மெட்டை வேறு யாரும் கேட்டுத் தேய்த்துவிடக் கூடாதாம். தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்தார். அவர் வீட்டில் பெட்டி இல்லை, தனக்கோடி வீட்டில் தட்டு இல்லை. அன்று முதல் அந்த மெட்டு தனக்கோடியின் விரலில் மட்டும்தான் இருந்தது.

கிழவரின் இருமல் கூடிற்று. பேண்டு செட் கூடிப் பேசியது. நிலைமையை விளக்கியவர் பச்சைமுத்து. பெரிய டிரம் அடிப்பவர்களுக்கு யோசிக்க நேரம் உண்டு.

“மாஸ்டர், கேளுங்க. கெழவன் கல்யாணத்துக்கு முன்ன போனா, ஒரு வருஷம் கல்யாணம் தள்ளிப் போவும். அதுவும் வெறும் சாவு. வெள்ளைக் கோட்டு. மெட்டு வெள்ளைக்குப் போச்சு. காந்தா கல்யாணத்துல மூச்சு விட முடியாது. கொள்ளுப்பேரனைப் பாத்துட்டுப் போனான்னு வெச்சுக்கோங்க, அது கல்யாணச் சாவு. சிவப்பு. மெட்டு சிவப்புலயே நிக்கும். அப்ப காந்தா கல்யாணத்துக்கும் தாராளமா வாசிக்கலாம்.”

“கொள்ளுப்பேரன் பொறக்கணும்னா மொதல்ல கல்யாணம் ஆவணுமே.”

“அதான் சொல்றேன். கல்யாணத்துல வாசிக்கணும்னா, கல்யாணத்துக்கு அப்பறம் பொறக்கப் போற கொழந்தையைக் கெழவன் பாத்தே தீருவான்னு இப்பவே உறுதி வேணும்.”

இந்த வாதத்தில் ஓட்டை கண்டுபிடிக்க யாராலும் முடியவில்லை. எதிர்காலத்தை முன்கூட்டி நடத்திவைப்பது தத்துவக்காரர்களுக்கே கஷ்டம். பேண்டு செட் அதை ஆட்டுக்கால் சூப்பில் ஆரம்பித்தது. தினமும் காலையில் சிவாஜிநகரிலிருந்து ஒரு தூக்கு சூப்பு மர்பி டவுனுக்குப் போயிற்று. தனக்கோடியே கொண்டுபோவார். பச்சைமுத்து கிழவரின் காலுக்கு எண்ணெய் தேய்த்தார், தோலை இழுத்துக் கட்டுகிற கையால். ஆம்ப்ரோஸ் மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினார். யூஃபோனியக்காரர் தினமும் வந்து, “இன்னிக்கு எப்படி கீறீங்க?” என்று கேட்டுவிட்டுப் போனார். அவருக்கு அவ்வளவுதான் தெரியும்.

மர்பி டவுனில் பேச்சு பரவியது. “பொண்ணைக் குடுக்கிற வீட்டுல இப்படி ஒரு பாசமா! கெழவனைக் கூடத் தூக்கி வெச்சு வளக்கிறாங்களே!” பெருமாள்சாமிக்கு உடம்பு தேறியது. இருமல் குறைந்தது. வயிறு முன்னால் வந்தது. வேட்டியை ஏற்றிக் கட்டிக்கொண்டு தெருமுனை வரை நடந்துபோய் மற்றக் கிழவர்களை இளக்காரமாகப் பார்த்துவிட்டு வந்தார்.

உறுதி கேட்க இதுதான் சமயம் என்று ஒரு காலை தனக்கோடி வாயைத் திறந்தார்.

“பெரியவரே, கொள்ளுப்பேரனைப் பாத்துட்டுத்தான் போவேன்னு ஒரு வார்த்தை சொல்லணும்.”

“அதுக்கென்ன, சொன்னேன். சூப்புல மொளகு ஸ்வல்ப ஜாஸ்தி போடச் சொல்லு.”

“அப்படின்னா காந்தா கல்யாணத்துலயும் அந்த மெட்டை ஒருதரம்...”

பெருமாள்சாமி தூக்கைக் கீழே வைத்தார். “சம்பந்தி, செத்தவனுக்கு இன்னா துணி போடுவாங்க?”

“கோடித் துணிங்க.”

“யாராவது கல்யாணத்துக்குக் கட்டிக் கழட்டின வேட்டியைக் கொண்டாந்து போத்துவாங்களா?”

தனக்கோடி தூக்கின் மூடியைத் தேடி எடுத்தார்.

“எனக்குப் புதுசா வேணும். ஊர்வலத்துல ஒருத்தன் காதுல விழாதது. மொதல் மொதல்ல எனக்கு. அதுக்கப்பறம் உன் பொண்ணுக்கு வாசி, உன் பேத்திக்கு வாசி, நான் எழுந்து வந்து கேக்கப்போறதில்ல.”

தனக்கோடி காலித் தூக்கோடு திரும்பினார். வழியெல்லாம் மனதில் அவர் கணக்குப் போட்டுக்கொண்டு வந்திருக்க வேண்டும். கிழவர் முதலில் என்கிறார். காந்தாவுக்கு ஒரே ஒரு கல்யாணம்தான். வீட்டில் சந்திரம்மா கதம்பம் கட்டிக்கொண்டிருந்தாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஒரு பீப்பிச் சத்தத்துக்கு ரெண்டு வீட்டு ஆம்பளைங்க அடிச்சுக்கிறீங்க. பொண்ணு கழுத்துல தாலி ஏறுதான்னு பாருங்க,” என்றாள். அவள் சொன்னது சரிதான். ஆனால் காந்தா அந்த மெட்டை முனகுவதை நிறுத்தியிருந்தாள். அதைச் சந்திரம்மாவும் கவனித்திருந்தாள்; அன்று கதம்பத்தில் முடிச்சு இரண்டு தப்பிப்போனது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காந்தா அப்பாவின் சிவப்புக் கோட்டுக்குப் பித்தளைப் பொத்தான் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“வாசிப்பீங்களா நைனா?”

“பார்ப்போம்.”

“பாக்கறதுக்கு இன்னா கீது? வாசிக்கமாட்டேன்னா சொல்லிடுங்க. நான் ஒண்ணும் அழமாட்டேன்.”

“பார்ப்போம்மா,” என்றார் மறுபடியும்.

பொண்ணு மாப்பிள்ளை ஊர்வலம் பொழுது சாயும்போது கிளம்பியது. தலையில் காஸ் விளக்குத் தூக்கிய பெண்கள் இருபக்கமும். பூ ஜோடித்த காரில் காந்தாவும் ராஜேந்திரனும். மோட்டாரை நம்பாத பெருமாள்சாமி மட்டும் ஒரு ஜட்காவில், பேண்டுக்குப் பக்கத்திலேயே. பெருமைக்காக வரவில்லை. காவலுக்கு வந்தார். கிளாரினெட் உதட்டுக்கு ஏறும்போதெல்லாம் கழுத்தை வெளியே நீட்டிக் காதைக் குவித்துக் கேட்பார். சினிமாப் பாட்டு என்று தெரிந்ததும் உள்ளே போய்விடுவார். பச்சைமுத்து வழக்கமான இடங்களில் வழக்கமான இடி இடித்தார். ஜனங்கள் வாயசைத்தார்கள். சோமேசுவரர் கோயிலைக் கடந்தாயிற்று. இன்னும் பஜார் தெரு மட்டும்தான், அதற்குப் பிறகு மண்டபம்.

சந்திரம்மாவின் பூக்கடை அன்று மூடியிருந்தது. அதன் எதிரே வந்ததும் தனக்கோடி கையைத் தூக்கினார். பேண்டு நின்றது. ஜட்கா நின்றது. கார் நின்றது. அவர் திரும்பி நின்றுகொண்டு, காரைப் பார்த்தபடி, கிளாரினெட்டை உதட்டில் வைத்தார்.

பெருமாள்சாமி ஜட்காவில் பாதி எழுந்துவிட்டார். “யோவ் சம்பந்தி! வாக்கு!”

சத்தம் வரவில்லை.

விரல்கள் மட்டும் நகர்ந்தன. துவாரங்கள் மூடின, திறந்தன. தனக்கோடியின் கன்னம் உப்பவில்லை, நெஞ்சு ஏறவில்லை. இரண்டாம் பக்கத்து நடு மெட்டை முதலிலிருந்து கடைசி வரை, காற்றே இல்லாமல், விரலால் வாசித்துக்கொண்டிருந்தார். ஊதாதவருக்கு மூச்சு வாங்க வேண்டியதில்லை. ஆனாலும் மூச்சு வாங்குகிற இடத்தில் விரலை நிறுத்தினார். பச்சைமுத்துவின் கை பழக்கத்தில் ஓங்கிவிட்டது. தோலைத் தொடுவதற்கு முன்னால் காற்றிலேயே நின்றது. அப்படியே நின்றிருந்தது.

பஜார் தெருவில் இப்படி ஒரு மௌனம் அதற்கு முன் இருந்ததில்லை. பேண்டு வாசித்தபோது தலை நிமிராத ஜவுளிக்கடைக்காரர் கல்லாவை விட்டு வெளியே ஓடி வந்தார். “ஏனாய்த்து? பேண்டு யாகெ நிந்தோய்த்து?” பேண்டு ஏன் நின்றது என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். மாடி ஜன்னல்கள் திறந்தன. “கிளாரினெட்டுல ஏதோ அடைச்சுக்கிச்சு போல,” என்றான் ஒருவன். “மாஸ்டருக்கு வயசாயிடுச்சு,” என்றான் இன்னொருவன்.

பெருமாள்சாமி ஜட்காக்காரனின் தோளைத் தட்டினார்.

“சத்தம் வந்துச்சா?”

“இல்லீங்க.”

“நெஜமா?”

“குதிரைகிட்ட வேணா கேளுங்க. அது காதை அசைக்கல.”

கிழவர் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார். வாக்கை மீறினாரா இல்லையா என்று அவரால் சொல்ல முடியவில்லை. பிறகு, தன் கோடித் துணியை யாரோ மடிப்புக் கலையாமல் எடுத்துப் பார்த்துவிட்டு அப்படியே வைத்துவிட்டார்கள் என்ற முடிவுக்கு வந்தவர் போல, உட்கார்ந்தார். காரில் காந்தா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் வழிந்தது. சிரித்தாளா அழுதாளா என்று பக்கத்தில் இருந்த ராஜேந்திரனுக்கே தெரியாது. கல்யாணப் பெண் அழுவது வழக்கம் என்பதால் யாரும் காரணம் கேட்கவில்லை.

தனக்கோடி கிளாரினெட்டை இறக்கினார். பச்சைமுத்துவின் கை இறங்கியது. சினிமாப் பாட்டு மறுபடி ஆரம்பித்தது.

அன்று அவர் செய்ததில் புரியாதது ஒன்றும் இல்லை. வாக்கும் தப்பவில்லை, மகள் கேட்டதும் கிடைத்தது. நெருக்கடி ஒரு மனிதனை அவன் தகுதிக்கு மேலே கொஞ்சம் தூக்கிவிடும். அதற்காக அவனை மேதை என்று சொல்லிவிட வேண்டியதில்லை.

காந்தாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. பெருமாள்சாமி கொள்ளுப்பேரனின் முகத்தைப் பார்த்தார். பார்த்த கையோடு பாயை விரித்துப் படுத்து, “நான் ரெடி, பேண்டைக் கூப்பிடு,” என்று சொல்லியனுப்பினார். சிவப்புக் கோட்டோடு எல்லாரும் போய் நின்றார்கள். மத்தியானம் கிழவருக்குப் பசித்தது. எழுந்து ராகிக் களி உருண்டை சாப்பிட்டார். இப்படி இன்னும் சில தடவை நடந்தது. சூப்பை நிறுத்திப் பார்க்கலாமா என்று யூஃபோனியக்காரர் ஒருநாள் மெதுவாகக் கேட்டார். தனக்கோடி அவரைப் பார்த்த பார்வையில் அவர் பிறகு வாய் திறக்கவில்லை. சூப்பு போய்க்கொண்டே இருந்தது.

அறுபத்தெட்டு மழைக்காலத்தில், யாரையும் கூப்பிடாத ஒரு நாளில், தூக்கத்திலேயே போனார் பெருமாள்சாமி. தட்டு தலையணைக்கு அடியில் இருந்தது. தலையின் பாரத்தில் சற்று வளைந்திருந்தது.

கல்யாணச் சாவு என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. பொரி, பட்டாசு, பல்லக்கு மாதிரி ஜோடித்த பாடை. சந்திரம்மா கூடையோடு ரோஜாவைக் கொண்டுவந்து கொட்டினாள். “சம்பந்தி வாசிக்கலாமா, சொந்தக்காரர் பக்கத்துல நிக்க வேணாமா?” என்று யாரோ முணுமுணுத்தார்கள். “கெழவனே கேட்டுட்டுப் போனது, நீ இன்னாத்துக்குக் குறுக்கே வர்ற?” என்று ராஜேந்திரனின் அம்மா அடக்கினாள். தனக்கோடி சிவப்புக் கோட்டு போட்டிருந்தார். அன்று எல்லாமே கூடி வந்திருந்தது. கோட்டு சரி. சாவு சரி. மெட்டு மடிப்புக் கலையாமல் இருந்தது. இனி அதை வாசித்தால் யாருக்கும் நஷ்டமில்லை. வாசிக்காமல் விட யாருக்கும் காரணமில்லை. ஆம்ப்ரோஸ் தன் பங்கை ஒரு வாரமாக மெதுவாக ஊதிப் பழகிவைத்திருந்தார்.

தெருமுனை வரைக்கும் வழக்கமான மெட்டுகள். அங்கே பாடையை இறக்கி வைத்தார்கள். பெண்கள் அந்த இடத்தோடு திரும்ப வேண்டும், ஆண்கள் கல்பள்ளிச் சுடுகாட்டுக்குப் போவார்கள். காந்தா முன்னால் நின்றிருந்தாள். அவள் தோளில் குழந்தை, அத்தனை பட்டாசுக்கும் அழுது ஓய்ந்து அப்போதுதான் கண் அயர்ந்திருந்தது.

தனக்கோடி கையைத் தூக்கினார். பேண்டு நின்றது. கிளாரினெட் உதட்டுக்கு ஏறியது. ஆம்ப்ரோஸ் டிரம்பெட்டை எடுத்தார். பச்சைமுத்து குச்சியை ஓங்கினார். ஊரே காது கொடுத்தது, கிழவர் இத்தனை வருஷம் பேசியே வளர்த்த மெட்டு அல்லவா!

சத்தம் வரவில்லை. விரல்கள் மட்டும் நகர்ந்தன.

ஆம்ப்ரோஸ் ஒரு கணம் பார்த்துவிட்டு டிரம்பெட்டை இறக்கிக்கொண்டார். பச்சைமுத்துவின் குச்சி காற்றில் நின்றது. மெட்டு முழுதும் முடிந்தது; காந்தாவின் தோளில் குழந்தை விழிக்கவில்லை. தனக்கோடி பாடையைப் பார்த்து ஒருமுறை தலையாட்டினார், பெண் பார்க்க வந்த அன்று ஆட்டிய மாதிரியே. பிறகு ஊர்வலம் நகர்ந்தது.

மறுநாள் பூக்கடைக்குப் பின்னால் சிவப்புக் கோட்டுகள் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. ஆம்ப்ரோஸ் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“மாஸ்டர், கல்யாணத்துல ஊதாதது சரி. நேத்து ஏன்? பெரியவருக்குக் குடுத்த வாக்கு?”

தனக்கோடி கிளாரினெட்டைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு துண்டாகப் பெட்டியில் அடுக்கினார்.

“மழை வர்ற மாதிரி கீது,” என்றார். “கோட்டுங்களை உள்ள எடு.”